ஒளிந்திருக்கச் சொன்ன ஆள்

1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. வானம் வெளிறிக் கிடந்தது. மேகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அதில் இல்லை. விடியற்காலையில் வீசிய நிலக்காற்று, வெயில் ஏறத் தொடங்கியதுமே ஓய்ந்துவிட்டது. கடற்காற்றோ பிற்பகலுக்கு முன் எழும் அறிகுறியே காட்டவில்லை. பழவேற்காடு ஏரி, எண்ணெய் ஊற்றிய தாம்பாளம் போல அசைவற்றிருந்தது. புயல் வருவதாகப் பாவித்து ஒத்திகை நடத்துவதற்கு இதைவிடப் பொருந்தாத நாள் ஒன்று அமைந்திருக்க இயலாது.

அந்த ஏரியை ரியாசுதீன் தோணியில் கடந்துகொண்டிருந்தார். அவர் பழவேற்காட்டிலேயே பிறந்தவர். ஒரு காலத்தில் கப்பல் வணிகம் செய்த குடும்பத்தின் வழிவந்தவர். இப்போது சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அணுமின் நிலையத்தில் பணிபுரிந்தார். நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடைபெறும் அவசரகால ஒத்திகைகளைப் பார்வையிட்டு, எது செவ்வனே நடந்தது, எது பிழைபட்டது என்று மதிப்பிடுவது அவருடைய வேலை. அவ்வாண்டு ஏப்ரலில் சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த செய்தி வந்தபின், அதுவரை யாரும் பொருட்படுத்தாத அந்த வேலைக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் அடித்த புயலை மறவாத வருவாய்த் துறையார், லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு புயல் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்து, அதை மதிப்பிட அவரை இரவல் கேட்டு வாங்கியிருந்தனர். குப்பம் தேறினால் அங்கே ஒரு கான்கிரீட் புகலிடம் எழும் என்று பேச்சு.

தோணியைக் கழியால் தள்ளிக்கொண்டிருந்தவன் அந்தக் குப்பத்து நாகப்பன். முப்பத்தைந்து வயதிருக்கும். இரவெல்லாம் இறாலுக்குப் போய் வந்தவன் என்பதைச் சிவந்த கண்கள் சொல்லின.

"பாய், உங்க கரண்டு கம்பெனி ஊர்ல ஆபத்துனா இன்னா பண்ணச் சொல்லுவீங்க?"

"வீட்டுக்குள்ள போயி கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கச் சொல்லுவோம்."

"இங்க காத்து அடிச்சா வூடே பூடும். கதவ மட்டும் கையில புடிச்சிக்கினு நிக்கறதா?"

ரியாசுதீன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த அந்தக் கணத்தில்தான், தமக்கு வேண்டிய ஆள் இவனே என்று முடிவு செய்தார்.

"நாகப்பா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். சைரன் ஊதினதும் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவாங்க. நீ மட்டும் போவாத. முன்னாடியே எங்கனா ஒளிஞ்சிக்க. ஒரு ஆள் கொறையுறத அவங்களே கண்டுபிடிக்கிறாங்களா இல்லியானு நான் பாக்கணும்."

"எங்க ஒளியறது?"

"உன் இஷ்டம். எனக்கே தெரிய வேணாம். தெரிஞ்சா என் கண்ணு அந்தப் பக்கமே போவும், எவனாவது புரிஞ்சிக்குவான்."

"கஸ்தூரிகிட்ட?"

"பொண்டாட்டிகிட்டயும் மூச்சு விடாத. யார் கூப்ட்டாலும் வராத. நான் விசில் ஊதினா எழுந்து வா, அவ்வளவுதான்."

நாகப்பன் கழியை ஊன்றினான். "ஒளிஞ்ச எடத்துல தூங்கினா தப்பா பாய்? நைட்டு பூரா கண்ணு மூடல."

"தாராளமா தூங்கு."

அவ்வாறு ஓர் ஆளை மறைத்து வைப்பது ரியாசுதீனின் நிலையத்தில் வழக்கந்தான். ஆனால் மறைபவன் இருக்குமிடத்தை மதிப்பீட்டாளர் அறிந்திருக்க வேண்டும்; தொலைவிலிருந்து அவனைக் கவனிக்க வேறோர் ஆளையும் நிறுத்த வேண்டும். இவை இரண்டும் விதிகள். கவனிக்க நின்றவனுடைய முகமே இரகசியத்தைக் கக்கிவிடுவதை ரியாசுதீன் பலமுறை கண்டிருந்தார். ஆதலால் தெற்கே இரண்டு ஊர்களில் அவ்விதிகளைச் சத்தமின்றிக் கைவிட்டார். எவ்விதத் தீங்கும் நேரவில்லை. அந்தத் துணிவு இன்றும் அவருடன் தோணியில் வந்தது.

*

குப்பத்தில் இரண்டு அறிவிப்புகள் என்று ஏற்பாடு. முதலில் தண்டோரா போட்டுச் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். எச்சரிக்கை என்று பொருள். சற்று நேரம் கழித்துக் கைச்சைரன் ஊதும். அனைவரும் அனைத்தையும் விட்டுவிட்டு, ஏரிப் பக்கமாக உள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக்கும் கடற்கரைக்கும் இடையே ஒரு மணல்மேடும் சவுக்குத் தோப்பும் இருந்தன. கொடி ஏறிய வேளையில் ரியாசுதீன் பள்ளியில் தண்ணீர்ப் பானைகளையும் முதலுதவிப் பெட்டியையும் சோதித்துக்கொண்டிருந்தார். கரையில் என்ன நடந்தது என்பதை அவர் காணவில்லை. காண வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சைரன் அழுதது. மக்கள் மணல்மேட்டின் மீது வரிசையாகத் தோன்றினர். தெற்கத்தி ஊர்களில் ஒத்திகை என்றால் திருவிழாக் கூட்டம் போலச் சிதறித் திரிவார்கள். இங்கே முதியோர் முன்னே வந்தனர், பிள்ளைகளை இடுப்பில் ஏந்திய பெண்கள் அவர்கள் பின்னே, ஆண்கள் கடைசியில். ஆண்களின் முழங்கால் வரை மணல் அப்பியிருந்தது. வேர்வை வழிய மூச்சிரைத்தபடி வந்தார்கள். ஓடி வந்ததால் இப்படி என்று ரியாசுதீன் எண்ணிக்கொண்டார்.

எல்லம்மா என்ற கருவாட்டு வியாபாரி இரண்டு கோழிகளை அக்குளில் இடுக்கியபடி வந்தாள்.

"எல்லாத்தையும் போட்டுட்டு வரணும்னு சொன்னோமே அம்மா," என்றார் வருவாய்த் துறையிலிருந்து வந்திருந்த இளைஞர்.

"எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் வந்தேன் நைனா. புருசனக் கூட. அவரு தானா பின்னாடி வராரு."

கூட்டம் சிரித்தது. குப்பத்துத் தலைவர் பெரியசாமி கையமர்த்தினார். தெருத் தெருவாக அவர் வீட்டின் பெயரைக் கூப்பிட, வீட்டுக்கு ஒருவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்று கரையில் பார்க்கும்போது குப்பத்தார் கையாளும் முறை அதுவே. ஒரு வீட்டின் சொல்லை ஊர் ஏற்றுக்கொள்ளும். தலை தலையாக எண்ணிச் சரிபார்ப்பது அந்த வீட்டை அவமதிப்பதாகும்.

நாகப்பன் வீட்டின் முறை வந்தது. கஸ்தூரி எழுந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண். ஒரு நொடி மட்டும் அவள் பார்வை ஏரிக்கு மேற்கே, எளாவூர்ச் சாலை இருக்கும் திசையை நாடிற்று.

"எல்லாரும் வந்துட்டோம்," என்றாள்.

பெரியசாமி அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். ரியாசுதீன் தேடி வந்த பிழை இதோ கையில் விழுந்துவிட்டது. குறையற்ற ஒத்திகையைக் கண்டவன் என்று பெயர் வாங்குவதைக் காட்டிலும், ஒருவரும் காணாத குறையைக் கண்டவன் என்று பெயர் வாங்குவதே மதிப்பீட்டாளனுக்குப் பெருமை.

"நல்லாப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் பாக்கி இல்ல பாய்," என்றார் பெரியசாமி.

உடனே உண்மையை உடைத்திருக்கலாம். ரியாசுதீன் உடைக்கவில்லை. எவ்வளவு நேரத்தில் அவர்களாகவே உணர்கிறார்கள் என்று பார்ப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி என்று தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டார். வருவாய்த் துறை இளைஞர் புயலின் இயல்பைப் பற்றி உரையாற்றினார். புளிச்சோறு பரிமாறப்பட்டது. கூரைத் தகரம் வெப்பத்தில் படபடவென்று வெடித்தது. பிள்ளைகள் உறங்கின. கஸ்தூரி மட்டும் தன் இலையைத் தொடாமல் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரரு எங்கடி?" என்று எல்லம்மா காதோடு கேட்பதை ரியாசுதீன் செவியுற்றார்.

"ஆம்பளைங்க பக்கம் கீறாரு."

"உங்க அண்ணன் கிருஷ்ணன் ஒக்காந்துக்கினு கீற பக்கமா? அவங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஒக்காந்தாங்கன்னா நெசமாவே புயல் வரும்."

பொழுது உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. இனியும் காத்திருப்பதில் பொருளில்லை என்று கருதிய ரியாசுதீன், கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பற்றியவராய்க் கடற்கரையை நோக்கி நடந்தார். கரைப் பொறுப்பை ஏற்றிருந்த கிருஷ்ணன், கஸ்தூரியின் தமையன், சற்றுத் தள்ளி அவருக்குப் பின்னே வந்தான்.

*

மணல்மேட்டின் உச்சியில் ரியாசுதீன் நின்றுவிட்டார்.

காலையில் அவர் பார்த்த கரை அது அன்று. காலையில், தார் பூசுவதற்காகவும் பழுது பார்ப்பதற்காகவும் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு விளிம்பைக் கட்டை முட்டுக் கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். அடியில் நாய்களும் வலைகளும் நிழலும் இருந்தன. இப்போது முட்டுகள் இல்லை. ஒவ்வொரு படகின் விளிம்பும் மணலுக்குள் இறக்கப்பட்டு, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு மண் அணைக்கப்பட்டு, முதுகின் குறுக்கே கயிறு இழுத்து முளைகளில் கட்டப்பட்டிருந்தது. கரை நெடுக, புதிதாய் மண் மூடிய கபுறுக் குழிகளைப் போல அவை வரிசையாகக் கிடந்தன.

"இது என்ன?" என்று கேட்டார்.

"காத்துக்குத்தான் பாய். அடியில காத்து பூந்தா படகு காயிதம் மாதிரி பறக்கும். கொடி ஏறினதும் எல்லாப் படகுக்கும் மண்ணு அணைச்சிட்டோம். போன தபா பட்டது போதும்."

"எல்லாத்தையும் போட்டுட்டு வரணும்னுதானே சொல்லியிருந்தேன்?"

"வூட்டப் போட்டுட்டு வந்தோம். படக எப்படிப் போட்டுட்டு வர்றது?" கிருஷ்ணன் அதில் விளக்க ஒன்றுமில்லை என்பது போலச் சொன்னான்.

ரியாசுதீன் விசிலை ஊதினார். அலையோசையைத் தவிர வேறு ஓசை எழவில்லை. மீண்டும் ஊதினார், இம்முறை மூச்சு தீருமட்டும். ஒரு நாய் எழுந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவர் சவுக்குத் தோப்பினுள் புகுந்தார். வலைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். குடிசைகளின் கதவுகளைத் தள்ளிக்கொண்டு, "நாகப்பா, போதும், வெளிய வா," என்று கூவினார். அவரது செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது, திரும்பி எடுக்கவில்லை.

கடைசியில் அருகிலிருந்த படகின் முதுகில் கையை ஊன்றினார். உடனே இழுத்துக்கொண்டார். உருகிய தார் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. தோல் பொரிந்தது போல எரிந்தது. வெளிப்புறமே இப்படியென்றால் உள்ளே எப்படியிருக்கும் என்ற கேள்விக்கு விடை தேட அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மூச்சு முட்டுவதற்கு முன்பே வெப்பம் ஆளைக் கொன்றுவிடும். நாகப்பன் தூங்கப் போவதாகச் சொன்னான். தாராளமாகத் தூங்கு என்று இவர் விடை கொடுத்தார்.

"யாரத் தேடறீங்க பாய்?" என்றான் கிருஷ்ணன்.

ரியாசுதீன் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார்.

*

"கஸ்தூரி, உன் வீட்டுக்காரர் எங்க?"

"இங்கதான்..." அவள் எழுந்து நின்றாள். அவருடைய முகத்தையும் ஒற்றைச் செருப்பையும் தாரேறிய கையையும் பார்த்தாள். பொய் அவள் வாயிலேயே நின்றுபோயிற்று. "தெரியாது. எளாவூர் பக்கம் சாராயத்துக்குப் போயிருப்பாருனு நெனச்சேன். ஊரு பேரு கெட்டுடுமேனு வந்துட்டாருனு சொன்னேன்."

பெரியசாமியின் தலை தாழ்ந்தது. ரியாசுதீன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"அவர் எளாவூர் போகல. நான்தான் ஒளியச் சொன்னேன். உங்களைச் சோதிக்க."

"எங்க?"

"தெரியாது."

"ஒளியச் சொன்னவருக்கு எடம் தெரியாதா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "படகுக்குக் கீழ இருப்பாரோனு பயப்படறேன்," என்றார் ரியாசுதீன்.

அதன்பின் யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. குப்பமே எழுந்தது. வந்தபோது முதியோர் முன்னும் ஆண்கள் பின்னுமாக வந்தவர்கள், இப்போது வரிசை எதுவும் இன்றி, கரையில் கூக்குரல் கேட்டால் ஓடுவது போல ஓடினார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் படகின்மேல் விழுந்தனர். கைகளாலும் துடுப்புகளாலும் மீன்கூடைகளாலும் மண்ணை வாரினர். சிலர் முதுகுப் பலகையைத் தட்டிக் காதை வைத்தனர். சூட்டுக்குக் கன்னத்தை எடுத்துக்கொண்டனர். காலையில் விரைந்து செய்த வேலையை அவிழ்ப்பதற்கு அதைவிட நெடுநேரம் பிடித்தது. முடிச்சுகள் இறுகியிருந்தன; முளைகள் ஆழமாய்ப் போயிருந்தன. ஒரு படகு நிமிர்ந்தது. அடியில் வலை மட்டும். இன்னொன்று நிமிர்ந்தது, வெறும் மணல்.

"எங்கள எண்ணிப் பாக்க வந்தவரு, அவரு ஆள எங்க வச்சாருனு அவருக்கே தெரியல," என்று எல்லம்மா மண்ணை வாரியபடியே சொன்னாள். ரியாசுதீன் அவளருகில் மண்டியிட்டு மண்ணை வாரிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

நிமிர்ந்து பார்த்தபோது, வடகோடியில் ஒரு படகை யாரும் தொடாமல் விட்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. புதிதாய்த் தார் பூசிய படகு. வெயிலில் எருமை முதுகு போல மின்னியது. மண் மற்றவற்றைக் காட்டிலும் உயரமாக அணைக்கப்பட்டிருந்தது.

"அது யாருது?"

"என்னுதுதான்," என்றான் பெரியசாமியின் படகில் மண் வாரிக்கொண்டிருந்த கிருஷ்ணன். "அத விடுங்க பாய். அவன் என் படகு நெழல்லகூட ஒண்ட மாட்டான். போன புயல்ல ஒரே கயிறு இருந்திச்சி. என் படகுக்குப் போட்டேன். அவன் படகு பூடிச்சி. அன்னிலேர்ந்து பேச்சு இல்ல."

கஸ்தூரி இதைக் கேட்டாள். கையிலிருந்த கூடையைக் கீழே போட்டாள். வடகோடியை நோக்கி நேரே நடந்தாள். பிறகு ஓடினாள். கிருஷ்ணன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, கயித்த அவுரு."

"ஏய், சொல்றேன் இல்ல, அவன்..."

"யாரும் தேடாத எடம்னா அவருக்கு உன் படகுதான். பிடிவாதத்துல உனக்கு அவரு கொறைஞ்சவரா? அவுருனு சொல்றேன்."

கிருஷ்ணன் அசையாமல் நின்றான்.

"முட்டு எடுக்கும்போது உள்ள ஏதோ அசைஞ்சிச்சி," என்றான், தனக்குத்தானே சொல்வது போல. "நாய்னு நெனச்சேன். ஓடிப்பூடும்னு நெனச்சேன்."

கிருஷ்ணன் முடிச்சில் விரலைக் கொடுத்தான். கட்டும்போது நனைத்துக் கட்டிய கயிறு அது. வெயிலில் காய்ந்து கல்லாய் இறுகியிருந்தது. விரல் நகம் பிய்ந்தது, முடிச்சு நெகிழவில்லை. அவன் இடுப்பிலிருந்த வலைக்கத்தியை உருவினான். நல்ல கயிற்றைக் கத்தியால் அறுப்பது குப்பத்தில் யாரும் செய்யத் துணியாத காரியம். அதிலும் இந்தக் கயிறு உறவையே அறுத்த கயிறு. அவன் ஒரே மூச்சில் அறுத்தான். மண்ணைப் பதினைந்து இருபது கைகள் வாரி இறைத்தன. "தூக்கு," என்றார் பெரியசாமி. படகு ஒருபுறமாக எழுந்தது.

உள்ளிருந்து வீசிய அனலில் முன்னே நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். தார் நெடி மூச்சை அடைத்தது. வலைக்குவியலின் மறுபுறம் நாகப்பன் கவிழ்ந்து கிடந்தான். விளிம்பின் ஓரத்தில் அவன் கையால் பறித்த குழி ஒன்று இருந்தது. பறிக்கப் பறிக்க உலர்மணல் சரிந்து நிரப்பிய குழி. விரல்கள் இன்னும் அதற்குள்ளேயே இருந்தன.

ரியாசுதீன் அவனுடைய கழுத்தைத் தொட்டார். தோல் வேர்வையின்றி உலர்ந்து, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப் போலச் சுட்டது. நாடி ஓடிற்று, ஆனால் சிக்கல் விழுந்த நூல் போல விட்டுவிட்டு ஓடிற்று.

"உயிர் இருக்கு. சட்டையக் கழட்டுங்க. தண்ணி. நெறைய தண்ணி. வாயில ஊத்தாதீங்க, உடம்புல ஊத்துங்க."

கஸ்தூரி அவன் தலையை மடியில் ஏந்தினாள். குடங்கள் வந்தன. கடல்நீரும் குடிநீரும் வேறுபாடின்றி அவன்மேல் கொட்டப்பட்டன. பெண்கள் முந்தானையை நனைத்து அவனைப் போர்த்தி, முறத்தால் விசிறினர். அவன் கண் திறக்கவில்லை. ஒருமுறை உடல் வெட்டி இழுத்தது, பின் துவண்டது. மருத்துவமனை ஏரிக்கு அக்கரையில் பழவேற்காட்டில் இருந்தது. அவனை வலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, மணல்மேட்டைக் கடந்து தோணித் துறைக்கு ஓடினர்.

*

கழியைக் கிருஷ்ணன் எடுத்தான். வேறு யாரும் கேட்கவும் இல்லை, அவனும் விடவில்லை. தோணியில் நாகப்பனும் கஸ்தூரியும் ரியாசுதீனும் மட்டுமே இருந்தனர். பாய் விரிக்கக் காற்று இல்லை. கழி ஏரியின் சேற்றில் இறங்குவதும் உருவப்படுவதுமான ஓசை மட்டும் ஒரே சீராகக் கேட்டது. ரியாசுதீன் துண்டை ஏரி நீரில் நனைத்து நாகப்பனின் கழுத்திலும் அக்குளிலும் வைத்து வைத்து எடுத்தார். ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் துண்டு அவன் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகித் திரும்பிற்று.

"தெக்க உங்க ஊர்ல இப்படி ஆயிருக்கா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"இல்ல."

"ஆயிருந்தா இங்க செஞ்சிருக்க மாட்டீங்க."

"ஆமா."

அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். இந்த மனிதன் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் மனத்தில் எதுவும் எஞ்சவில்லை. புகலிடம், மதிப்பீடு, தெற்கே தமக்கிருந்த நற்பெயர் அனைத்தும் பின்னால் கரையோடு தங்கிவிட்டன. நாடியில் விரலை வைத்தவர், விரலை எடுக்கவே அஞ்சினார்.

நடு ஏரியில் நீர்ப்பரப்பு முதன்முதலாகச் சுருக்கம் கொண்டது. கடற்காற்று எழுந்திருந்தது. அது தோணியை எட்டியபோது, நனைந்த துணியின் மீது பட்டு, நாகப்பனின் உடலில் ஒரு சிலிர்ப்பு ஓடிற்று. ரியாசுதீனின் விரலடியில் நாடி ஒழுங்குபட்டது. அதை நம்பாமல் மறுகையிலும் பார்த்தார். பிறகு, துண்டால் துடைத்த நெற்றியில், துடைத்த பின்னும் ஈரம் பூத்தது. வேர்வை.

நாகப்பன் கண்ணைத் திறந்தான். முதலில் பித்தமாக வாந்தி எடுத்தான். கஸ்தூரி வாயைத் துடைத்து, உள்ளங்கையில் ஏந்திய நீரைச் சிறிது சிறிதாக உதட்டில் விட்டாள்.

"இன்னாய்யா நீ," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "உள்ள கெடந்து ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

அவன் நெடுநேரம் வாயை அசைத்துப் பார்த்தான். சொல் மெதுவாக வந்தது.

"முழிச்சேன். மேல இவன் சத்தம் கேட்டிச்சி. மண்ணு அணைங்கடான்னு கத்திக்கினு இருந்தான்." மூச்சு வாங்கினான். "இவன்கிட்ட போயி... காப்பாத்துனு கேக்கறதா? ஒத்திகை முடிஞ்சா பாயி வருவாருனு கம்முனு இருந்தேன். அப்பால கத்தறதுக்குத் தொண்டையில ஈரம் இல்ல."

ரியாசுதீன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். அவன் தம்மை நம்பிக் காத்திருந்தான். அந்த நேரத்தில் அவரோ புளிச்சோற்றுப் பந்தியில் நின்று ஊராரின் பிழையை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தார்.

கழியின் ஓசை நின்றிருந்தது. கிருஷ்ணன் திரும்பிப் பார்க்காமல், தோணியின் பின்முனையில் முதுகைக் காட்டி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. நாகப்பன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இரண்டு ஆண்டுகளாகப் பேசாதவனோடு எப்படித் தொடங்குவது என்று தேடுபவன் போல இருந்தது அவன் முகம்.

"தாரு நல்லாத்தான் பூசிக்கீற மச்சான்," என்றான் முடிவில். "ஒரு பொட்டுக் காத்து உள்ள வரல."

கிருஷ்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "பேசாத படு. இருக்கற தெம்பும் பூடும்," என்று நீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கழியை மறுபடி ஊன்றினான்.

அக்கரையில் ஆட்கள் தோணியைக் கண்டு துறைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தனர். குப்பத்தில் கொடியை இறக்கச் சொல்ல மறந்துவிட்டது ரியாசுதீனுக்கு நினைவு வந்தது. விதிப்படி, மதிப்பீட்டாளர் வாயால் சொல்லும் வரை ஒத்திகை முடிந்ததாகாது. தாரேறிய கையால் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"முடிஞ்சிது," என்றார், அந்த மூவருக்கு மட்டும் கேட்கும்படி.

அப்போது மணி, பிற்பகல் இரண்டு அடித்துப் பதினேழு நிமிடம்.